கப்பல்கள் நம் கடலில் எதைக் கொட்டலாம், எதைக் கொட்டக்கூடாது? திருத்தப்படும் மார்போல் விதிகள் பற்றி ஒரு விரிவான பதில்

தூத்தூரை அடுத்த கடற்கரை ஊரொன்றிலிருந்து ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. விழிஞ்சம் துறைமுகம் இயங்கத் தொடங்கியபின் பெருங்கப்பல்கள் நம் கரையோரமாகவே வந்து போகின்றன, சில நாள்கள் நங்கூரமிட்டும் நிற்கின்றன. அவற்றின் கழிவறைத் தண்ணீரும் குப்பையும் எங்கே போகின்றன, அதற்குச் சர்வதேசச் சட்டம் உண்டா, அந்தச் சட்டத்தைத் திருத்துகிறார்கள் என்கிறார்களே, திருத்தினால் வலையில் பிளாஸ்டிக் ஏறுவது குறையுமா என்பது அவருடைய கேள்வி. 2025 மே மாதம் எம்எஸ்சி எல்சா 3 என்ற கண்டெய்னர் கப்பல் மூழ்கிய பிறகு திருவனந்தபுரம் முதல் குமரி வரை கரையொதுங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகளுக்கும் இந்தச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்றும் கூடவே கேட்டிருக்கிறார்.

கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டம் உண்டு. குப்பை தொடர்பான விதி காகிதத்தில் கடுமையானது, அதைச் சரிபார்க்க ஒரு பதிவேடும் உண்டு. கழிவறைக் கழிவுநீர் தொடர்பான விதிக்கு அளவுகளும் தூரங்களும் இருக்கின்றன, ஆனால் கப்பல் அவற்றைக் கடைப்பிடித்ததா என்று காட்டும் சான்று எதையும் அது கேட்பதில்லை. இப்போது நடக்கும் திருத்த வேலையின் சாரமே அந்தச் சான்றை உண்டாக்குவதுதான். மூழ்கிய கப்பலிலிருந்து சிதறிய சரக்கு இவ்விரண்டிலும் அடங்காது, அது வேறு கணக்கு.

கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட, மார்போல் என்று வழங்கும் உடன்படிக்கை 1973-ல் உருவானது. 1978-ல் ஒரு நெறிமுறை சேர்ந்து, 1983 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. லண்டனில் உள்ள ஐ.எம்.ஓ. என்ற சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதைப் பராமரிக்கிறது. அதில் ஆறு இணைப்புகள் உள்ளன. எண்ணெய் முதலாவது, கழிவறைக் கழிவுநீர் நான்காவது, குப்பை ஐந்தாவது. முதல் இரண்டும் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கட்டாயம். மற்றவை நாடுகள் விரும்பி ஏற்பவை. குப்பை இணைப்பு 1988 டிசம்பர் 31 முதல் அமலானது. கழிவுநீர் இணைப்போ 1973-ல் எழுதப்பட்டும், போதிய நாடுகளும் போதிய கப்பல் கொள்ளளவும் சேராமல், 2003 செப்டம்பர் 27 வரை, அதாவது முப்பது ஆண்டுகள், வெறும் காகிதமாகவே கிடந்தது. உடன் பிறந்த இரண்டு விதிகளில் ஒன்று இவ்வளவு பின்தங்கியதற்கு நாடுகளின் அசட்டையே காரணம் என்பது என் எண்ணம். கறுப்பாக மிதக்கும் எண்ணெய் செய்தித்தாளில் படமாக வரும். கழிவுநீர் அப்படிக் கண்ணில் படுவதில்லை.

நான்காம் இணைப்பு எந்தக் கப்பலுக்குப் பொருந்தும் என்றால், சர்வதேசப் பயணம் செய்யும் 400 மொத்த டன்னுக்கும் (கப்பலின் உள்ளளவைக் குறிக்கும் கணக்கு, எடை அல்ல) அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கும், அதற்குக் கீழே இருந்தாலும் 15 பேருக்கு மேல் ஏற்றச் சான்று பெற்றவற்றுக்கும் பொருந்தும். கழிவுநீர் என்பதில் கழிவறை, சிறுநீர்த் தொட்டி, கப்பலின் மருத்துவ அறை, உயிருள்ள கால்நடைகளை அடைத்திருக்கும் இடம் ஆகியவற்றின் வடிநீர் அடங்கும். அதைக் கடலில் விட மூன்று வழிகள் உண்டு. எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஹோல்டிங் டேங்கில் தேக்கி வைத்ததை, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் குறைந்தது 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, மெதுவாக வெளியேற்றலாம். அரைத்துக் கிருமிநீக்கம் செய்ததை 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். அங்கீகாரம் பெற்ற சுத்திகரிப்பு நிலையம் கப்பலில் இயங்குமானால், வெளிவரும் நீர் கண்ணுக்குத் தெரியும் திடப்பொருளோ நிறமாற்றமோ ஏற்படுத்தாதவரை, தூரக் கட்டுப்பாடே இல்லை. நங்கூரமிட்டு நிற்கும் இடத்தில்கூட அதை விடலாம். துறைமுகமோ கடலோர நாடோ தனியாகத் தடை விதித்திருந்தால் அது வேறு.

இந்தத் தூரங்களை நம் கடலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆகவே 3 கடல் மைல் என்பது சுமார் ஐந்தரை கிலோமீட்டர். வள்ளவிளையிலிருந்தும் பூவாறிலிருந்தும் காலையில் போய் மாலையில் திரும்பும் நாட்டுப்படகுகளின் தொழில் எல்லைக்குள்தான் அந்தக் கோடு விழுகிறது. 12 கடல் மைல் சுமார் 22 கிலோமீட்டர். விழிஞ்சத்தின் பெருமையாகச் சொல்லப்படுவதே, சர்வதேசக் கப்பல் வழித்தடத்திலிருந்து அது ஏறத்தாழ 10 கடல் மைல் தொலைவில் இருக்கிறது என்பது. வழித்தடத்திலிருந்து விலகித் துறைமுகத்துக்குள் திரும்பும் கப்பல், சுத்திகரிக்காத கழிவுநீரை விட அனுமதியில்லாத வட்டத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே தேக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் சுத்திகரிப்பு நிலையத்தை நம்ப வேண்டும். பெரும்பாலான கப்பல்கள் நிலையத்தை நம்பித்தான் ஓடுகின்றன என்பதால், அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதே முழுக் கேள்வியும் ஆகிவிடுகிறது.

மெதுவாக வெளியேற்றுவது என்றால் எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. கப்பல் ஓடும்போது அதன் உடல் விலக்கும் நீரின் அளவில் 2,00,000-ல் ஒரு பங்குக்கு மேல் கழிவுநீர் கலக்கக்கூடாது. வேகத்தை நாட் கணக்கிலும், கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழத்தையும் அதன் அகலத்தையும் மீட்டரிலும் பெருக்கி, அதை 0.00926 ஆல் மறுபடி பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கனமீட்டர் விடலாம் என்பது கிடைக்கும். 40 மீட்டர் அகலமும் 12 மீட்டர் ஆழமும் உள்ள கப்பல் 10 நாட்டில் ஓடினால் மணிக்கு சுமார் 44 கனமீட்டர். இருபது, இருபத்தைந்து பேர் இருக்கும் சரக்குக் கப்பலுக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே அல்ல. ஆயிரக்கணக்கில் ஆள் ஏற்றும் உல்லாசக் கப்பலுக்குத்தான் அது உறைக்கும்.

இனி அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். எஞ்சின் அறையின் கீழ்த்தட்டில் ஒரு மூலையில் இரும்புப் பெட்டி போல நிற்கும். உள்ளே பெரும்பாலும் மூன்று அறைகள். முதல் அறையில் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காற்றில் உயிர்வாழும் பாக்டீரியா கழிவைத் தின்று கரைக்கும். இரண்டாவது அறையில் கசடு அடியில் படியும், படிந்த கசடு மறுபடி முதல் அறைக்குத் திருப்பி அனுப்பப்படும். மூன்றாவதில் குளோரின் அல்லது புறஊதா ஒளியால் கிருமிநீக்கம் செய்து வெளியே பம்ப் செய்வார்கள். பாலில் உறை மோர் ஊற்றித் தயிராக்குவது போன்ற வேலை இது. உறை செத்துப்போனால் பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. யாரோ ஒருவர் தன் அறைக் கழிவறையைப் பளிச்சென்று வைக்க வேண்டும் என்று பிளீச்சிங் திரவத்தைத் தாராளமாக ஊற்றினால் அந்தப் பாக்டீரியா ஒரே இரவில் செத்துவிடும். ஊதுகருவியின் பெல்ட் அறுந்து, உதிரிபாகம் அடுத்த துறைமுகத்தில்தான் கிடைக்கும் என்ற நிலை வந்தாலும் அதேதான். அப்போது உள்ளே காற்றில்லாமல் வாழும் வேறு வகைப் பாக்டீரியா தலையெடுக்கும், அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது வெறும் நாற்றம் மட்டும் அல்ல, ஆளைக் கொல்லும் வாயு. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி உயிரிழந்த கப்பல் தொழிலாளர்கள் உண்டு. இப்படி நிலையம் செத்துக் கிடக்கும் நாள்களில் பம்ப் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், வெளியே போவது ஏறக்குறைய பச்சைக் கழிவுநீர். கப்பலின் சான்றிதழில் மாற்றம் எதுவும் இராது.

சான்றிதழில் மாற்றம் இல்லாததற்குக் காரணம் அது கிடைக்கும் விதம். ஒரு மாதிரி நிலையத்தைத் தொழிற்சாலையிலோ கப்பலிலோ குறைந்தது பத்து நாள் ஓட்டி, மாதிரிகள் எடுத்து, தரத்தை எட்டினால் அந்த வகைக்கே அங்கீகாரம் தருவார்கள். அதன்பின் அதே வகை நூறு கப்பல்களில் பொருத்தப்படலாம். பொருத்திய இடத்தில் மறுபடி மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று இன்றைய விதி சொல்லவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கழிவுநீர்ச் சான்றிதழுக்கான ஆய்விலும் பெட்டி இருக்கிறதா, குழாய் இருக்கிறதா, அங்கீகாரத் தாள் இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, வெளிவரும் நீரை யாரும் குடுவையில் பிடிப்பதில்லை.

தரம் என்னவோ காலப்போக்கில் இறுகித்தான் வந்திருக்கிறது. 1976-ன் முதல் தரப்படி 100 மில்லிலிட்டரில் 250 மலக் கோலிபார்ம் (மலத்தில் வாழும் பாக்டீரியா) வரை அனுமதி, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 50 மில்லிகிராம். 2010 ஜனவரி முதல் பொருத்தப்படும் நிலையங்களுக்கு அவை 100 ஆகவும் 25 ஆகவும் குறைந்தன. 2016 ஜனவரி முதல், கடல்நீரை ஊற்றி நீர்க்கச் செய்து பரிசோதனையில் தேறும் பழைய தந்திரத்துக்கும் கணக்குப் பிடித்தார்கள். எவ்வளவு நீர் சேர்த்தார்களோ அந்த அளவுக்கு வரம்பும் கீழே இறங்கும். ஆனால் ஒவ்வொரு தரமும் அந்தத் தேதிக்குப்பின் பொருத்தப்படும் பெட்டிக்கு மட்டுமே. 2009-ல் பொருத்திய பெட்டி அதன் ஆயுள் முழுவதும் 1976-ன் தரத்தோடு ஓடலாம். எல்சா 3 மூழ்கும்போது அதற்கு வயது 28. நம் கடலில் வந்து போகும் சிறு கப்பல்கள் பலவும் அந்த வயதுக்காரர்களே என்பதை மறந்துவிட்டு, தரம் இறுகிவிட்டது என்று மகிழ முடியாது.

ஓடும் கப்பல்களில் மாதிரி எடுத்தபோது பெரும்பாலான நிலையங்களின் வெளியேற்றம் தரத்தை எட்டவில்லை என்று உறுப்பு நாடுகள் ஐ.எம்.ஓ.விடம் ஆவணம் வைத்த பிறகுதான் திருத்த வேலை தொடங்கியது. மாசுத் தடுப்பு தொடர்பான துணைக்குழு 2020-லிருந்து இதை விவாதித்து வருகிறது. மேசையில் இருக்கும் முக்கிய யோசனைகளில் முதன்மையானது கழிவுநீருக்கும் ஒரு பதிவேடு. எப்போது, எங்கே, எவ்வளவு வெளியேற்றினோம், நிலையம் எப்போது நின்றது, கரையில் எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதி அதிகாரி கையெழுத்திட வேண்டும். அதோடு கழிவுநீர் மேலாண்மைத் திட்டம் ஒன்று, நிலையத்தைக் கப்பலில் பொருத்தியபின் உண்மையான கழிவை வைத்து ஒரு பரிசோதனை, ஓடும் காலத்தில் அவ்வப்போது மாதிரி எடுத்துப் பார்த்தல் ஆகியவை பேசப்படுகின்றன. இவை இன்னும் வரைவு நிலையில்தான் உள்ளன. இழுபறி எங்கே என்றால், புதிய கப்பலுக்கு மட்டுமா, பழையவற்றுக்கும் சேர்த்தா என்பதில். பழையவற்றை விட்டுவிட்டால் இந்தத் திருத்தம் இன்னொரு தலைமுறைக்கு நம் கடலில் ஒன்றையும் மாற்றாது என்றே நான் நினைக்கிறேன். பெட்டியை மாற்றச் சொல்வது செலவு, அதில் விலக்குக் கேட்பது புரிகிறது. பதிவேடு எழுதவும் ஒரு குடுவை நீரைச் சோதனைக்கு அனுப்பவும் செலவென்ன?

இதோடு ஒரு பெரிய ஓட்டையையும் சொல்ல வேண்டும். குளியலறை, கைகழுவும் தொட்டி, துணிதுவைக்கும் இடம், பாத்திரம் கழுவும் இடம் ஆகியவற்றின் சாம்பல்நிறத் தண்ணீர் நான்காம் இணைப்பில் அடங்கவே அடங்காது. கழிவறை நீரோடு கலந்தால்தான் அது கழிவுநீர். தனிக்குழாயில் போனால் சர்வதேச விதி அதைக் கண்டுகொள்வதில்லை. துணியிலிருந்து உதிரும் பிளாஸ்டிக் இழை, சோப்பு, சமையல் கொழுப்பு எல்லாம் அந்தக் குழாய் வழியேதான் போகின்றன.

குப்பைக்கு வருவோம். ஐந்தாம் இணைப்பின் உண்மையான திருப்பம் 2011 ஜூலையில் ஏற்கப்பட்டு 2013 ஜனவரி 1 முதல் அமலான திருத்தம். அதற்கு முன் பிளாஸ்டிக்கைத் தவிர மற்றவற்றை உரிய தூரத்தில் கொட்டலாம். தாள், கந்தல், கண்ணாடி, தகர டப்பா எல்லாம் 12 கடல் மைலுக்கு அப்பால் கடலில்தான் போயின. நான் கடலுக்குப் போன காலத்தில் பின்தளத்திலிருந்து டிரம்மைக் கவிழ்ப்பது அன்றாட வேலை, யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை. 2013-க்குப்பின் விதி தலைகீழானது: எதையும் கொட்டக்கூடாது, வெளிப்படையாக அனுமதித்த சிலவற்றைத் தவிர. சமையல் எண்ணெயும் கப்பலிலேயே குப்பையை எரிக்கும் எரியூட்டியின் சாம்பலும்கூடத் தடைக்குள் வந்தன. இன்று மிச்சமிருக்கும் முக்கிய அனுமதி உணவுக்கழிவு. 25 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் நுழையும் அளவுக்கு அரைத்திருந்தால் 3 கடல் மைலுக்கு அப்பால், அரைக்காவிட்டால் 12-க்கு அப்பால், இரண்டுமே கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும். சரக்குக் கிடங்கைக் கழுவும் நீரிலும் சரக்கின் மிச்சத்திலும் கடலுக்குக் கேடானது இல்லையென்றால் 12 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். எது கேடானது என்று சரக்கு அனுப்புபவர் அறிவிக்க வேண்டும் என்பது 2018 மார்ச் முதல் கட்டாயம்.

தடையைவிட முக்கியமானது குப்பைப் பதிவேடு. பிளாஸ்டிக்குக்கு ஓர் எழுத்து, உணவுக்கழிவுக்கு ஓர் எழுத்து, மீன்பிடிச் சாதனத்துக்கு ஓர் எழுத்து என்று பிரித்து, ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், அட்சரேகை தீர்க்கரேகை, கனமீட்டரில் அளவு எழுதிப் பொறுப்பதிகாரி கையெழுத்திட வேண்டும்; பக்கம் நிறைந்ததும் கேப்டன் கையெழுத்து. கடைசிப் பதிவிலிருந்து இரண்டாண்டு அது கப்பலில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் குப்பையை ஏற்றவர் தந்த ரசீது அதனுடன் இணைந்திருக்க வேண்டும். இதை எப்படிப் படிப்பார்கள் என்பதைச் சொல்கிறேன். துறைமுக நாட்டின் ஆய்வாளர் கப்பலில் ஏறியதும் பொதுவாகக் கேட்பவற்றில் இதுவும் ஒன்று. இருபது பேர் இரண்டு மாதம் ஓடிய கப்பலில் பிளாஸ்டிக் கணக்கு அரைக் கனமீட்டர் மட்டும் என்று எழுதியிருந்தால், குடிநீர்ப் புட்டிகளை மட்டும் எண்ணினாலே கணக்கு இடிக்கிறதே என்று கேட்பார். எரியூட்டி ஓடிய நேரத்தை எஞ்சின் அறைப் பதிவேட்டோடு ஒப்பிடுவார். எரித்ததாக எழுதிய நாளில் எரியூட்டிக்கு டீசல் செலவே இல்லையென்றால் கேப்டனுக்கு வியர்க்கும். 2019-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் கார்னிவல் உல்லாசக் கப்பல் நிறுவனம் 2 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்ட வழக்கிலும், பஹாமாஸ் கடலில் உணவுக்கழிவோடு பிளாஸ்டிக்கைக் கலந்து கொட்டியதும் பதிவுகளைத் திருத்தியதும் குற்றச்சாட்டுகளில் இருந்தன. ஏடு இருந்ததால்தான் திருத்தியது குற்றமாயிற்று. கழிவுநீருக்கு ஏடே இல்லையே, எதைத் திருத்தியதாகப் பிடிப்பது?

முன்பு 400 மொத்த டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இருந்த அந்தப் பதிவேட்டை 2024 மே 1 முதல் 100 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கும் நீட்டித்திருக்கிறார்கள். சிறிய சரக்குக் கப்பல்களும் பெரிய மீன்பிடிக் கப்பல்களும் இதனால் உள்ளே வருகின்றன. நம் தூத்தூர் வட்டாரத்துத் தூண்டில் படகுகள் பெரும்பாலும் 100 டன்னுக்குக் கீழேதான். ஆகவே பதிவேடு தேவைப்படாது. ஆனால் கொட்டக்கூடாது என்ற தடை அளவு பார்ப்பதில்லை. ஐந்தாம் இணைப்பு கட்டுமரம் முதல் கண்டெய்னர் கப்பல் வரை எல்லாவற்றையும் கப்பல் என்றே கணக்கிடுகிறது. 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள எதிலும் குப்பை விதியைச் சொல்லும் அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும். மாதக்கணக்கில் கடலில் தங்கும் படகிலிருந்து வெட்டிப்போடும் நைலான் கயிறும், பழைய மிதவையும், எண்ணெய்க் கேனும் இந்தத் தடைக்குள் வருபவையே. எதிர்பாராமல் அறுந்துபோகும் வலைக்கு விலக்கு உண்டு. அது கடலுக்கோ பிற கப்பலுக்கோ பெரிய ஆபத்தாக இருந்தால் அறிவிக்க வேண்டும் என்கிறது விதி. தம்பிக்கு இது கசப்பாக இருக்கலாம், ஆனால் கப்பல்காரனைக் கேட்கும் கேள்வியைப் பதிலுக்கு அவன் நம்மிடம் கேட்க இடம் வைக்கக்கூடாது. கொல்லம் நீண்டகரையில் 2017-ல் கேரள அரசு தொடங்கிய சுசித்வ சாகரம் திட்டத்தில் வலையில் ஏறும் பிளாஸ்டிக்கைப் படகுகளே கரைக்குக் கொண்டு வந்து கொடுக்க, அதைப் பொடித்துச் சாலை போடப் பயன்படுத்தினார்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலும் அப்படி ஒரு தொட்டியும் ஒரு ஆளும் இருந்தால் போதும்.

கரையில் வாங்க ஆள் இல்லாமல் கடலில் கொட்டாதே என்றால் நடக்காது என்பதற்கு மார்போலே சாட்சி. சில கடல்களைச் சிறப்புப் பகுதி என்று குறித்து அங்கே கடுமையான விதி வைத்திருக்கிறார்கள். செங்கடலை 1973-லேயே அப்படிக் குறித்தார்கள். ஆனால் சுற்றியுள்ள நாடுகளின் துறைமுகங்களில் கழிவு பெறும் வசதி இருக்கிறது என்ற அறிவிப்பு முறையாக வந்து சேரும்வரை விதி தூங்கியது. 2025 ஜனவரி 1-ல்தான் அமலுக்கு வந்தது. பால்டிக் கடலில் பயணிகள் கப்பல்களின் கழிவுநீருக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் வரம்பே வைத்திருக்கிறார்கள், புதிய கப்பல்களுக்கு 2019-லும் பழையவற்றுக்கு 2021-லும் அது தொடங்கியது. இந்தியாவின் மேற்குக் கரையை ஒட்டிய அரபிக்கடல் குப்பைக்கும் கழிவுநீருக்கும் சிறப்புப் பகுதி அல்ல. பாரசீக வளைகுடாவும் ஓமான் வளைகுடாவும் குப்பைக்குச் சிறப்புப் பகுதி. அங்கிருந்து வரும் கப்பல் எல்லை தாண்டியதும் அரைத்த உணவுக்கழிவுக்கான 3 கடல் மைல் விதிக்குத் திரும்பிவிடலாம் என்று பொருள். குமரிக்குத் தெற்கே நம் ஆட்கள் தலைமுறையாகத் தொழில் செய்யும் வாட்ஜ் பேங்க் திட்டைச் சுற்றியாவது ஒரு கடுமையான வரம்பு கேட்கலாமே என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அதைக் கேட்கும் நாடு முதலில் தன் துறைமுகங்களின் கழிவு வண்டிகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

இனி வெள்ளை மணிகள். எல்சா 3 விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குப் போகும் வழியில் 2025 மே 24-ல் சாய்ந்து மறுநாள் மூழ்கியது. அதிலிருந்த 640 கண்டெய்னர்களில் 13-ல் ஆபத்தான சரக்கு, அவற்றில் 12-ல் கால்சியம் கார்பைடு. மக்கள் பயந்ததெல்லாம் அந்தப் பன்னிரண்டைப் பற்றி; கரையை நிறைத்ததோ ஆபத்தான சரக்குப் பட்டியலிலேயே இல்லாத பிளாஸ்டிக் மணிகள். பிளாஸ்டிக் பொருள் செய்யும் ஆலைகளுக்குப் போகும் மூலப்பொருள் அது, பருப்பளவுதான் இருக்கும். மணலோடு கலந்துவிட்டால் சல்லடை வைத்துத்தான் பிரிக்க வேண்டும், அலை ஒருமுறை புரட்டினால் சலித்த இடத்திலேயே மறுபடி கிடக்கும். 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்து மூழ்கியபோது இலங்கை பட்டதும் இதே பாடு. ஐந்தாம் இணைப்பு இதில் தலையிடாது. கப்பல் சேதத்தால் நேரும் இழப்பை, தடுக்க நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்திருந்தால், அது விலக்கிவிடுகிறது. சரக்கு குப்பையாவது கடலில் விழுந்த பிறகுதான், விழும்வரை அது யாருடைய விலைப்பொருளோ.

அந்த இடைவெளியை நிரப்ப 2024-ல் ஐ.எம்.ஓ. ஒரு சுற்றறிக்கை தந்தது. மணிகளை உறுதியான பொதியில் அடைக்க வேண்டும், சரக்குத் தாளில் அது என்னவென்று தெளிவாக எழுத வேண்டும், கண்டெய்னரை முடிந்தவரை தளத்துக்குக் கீழே அல்லது மேல்தளத்தின் உட்புறத்தில் வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகள். பரிந்துரை என்பதால் மீறினால் தண்டனை இல்லை. கட்டாயமாக்கும் பேச்சு நடக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமானது வேறொன்று: கடலில் கண்டெய்னர் விழுந்தால் கேப்டன் அருகிலுள்ள கப்பல்களுக்கும், அருகிலுள்ள கடலோர நாட்டுக்கும், கப்பல் பதிவாகியிருக்கும் கொடி நாட்டுக்கும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். மிதக்கும் கண்டெய்னரில் இரவில் மோதினால் என்ன ஆகும் என்று தூண்டில் படகுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திருத்தம் எவ்வளவு நாளில் வரும் என்பதற்கும் ஒரு முறை உண்டு. குழுவில் ஏற்றபின் பொதுவாகக் குறைந்தது பத்து மாதம் ஆட்சேபத்துக்கு விடுவார்கள். மூன்றில் ஒரு பங்கு நாடுகளோ, உலகக் கப்பல் கொள்ளளவில் பாதியை வைத்திருக்கும் நாடுகளோ எதிர்க்காவிட்டால் ஏற்றதாகக் கொண்டு, அடுத்த ஆறு மாதத்தில் அமலாக்குவார்கள். ஆக, நாளையே நான்காம் இணைப்பின் வரைவு முடிந்தாலும் கரையில் அது தெரிய ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். அமெரிக்கா இந்த இணைப்பில் சேரவே இல்லை, தன் உள்நாட்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதைத் தம்பி கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நம் படகுகளைப் போலக் கடலில் கண் வைத்திருப்பவர் வேறு யாரும் இல்லை. ஒரு கப்பல் குப்பை கொட்டுவதையோ, பின்னால் நிறம் மாறிய தண்ணீர்க் கோடு இழுபடுவதையோ பார்த்தால், ஜிபிஎஸ்ஸில் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கப்பலின் பெயரும் பதிவுத் துறைமுகமும் பின்புறத்தில் எழுதியிருக்கும். அதே பின்புறத்திலோ பக்கத்திலோ ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் பொறித்திருக்கும். பெயரும் கொடியும் விற்பனைக்கு விற்பனை மாறும், அந்த எண் கப்பல் உடைக்கப்படும்வரை மாறாது. எண் தெரியும்படி ஒரு படம், கொட்டுவது தெரியும்படி ஒரு படம், இரண்டிலும் நேரம் பதிவாகியிருக்க வேண்டும். கைபேசி எடுக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணுக்கு அழைக்கலாம், இல்லையென்றால் வயர்லெஸில் சொல்லலாம். விழிஞ்சத்திலேயே அவர்களுக்கு நிலையம் இருக்கிறது. வெறும் புகாராக இல்லாமல் இடமும் நேரமும் எண்ணும் சேர்ந்த புகாராக இருந்தால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் எந்தக் கப்பல் ஓடியது என்று ஏஐஎஸ் என்ற, கப்பல்கள் தாமாகவே ஒலிபரப்பும் இருப்பிடப் பதிவின் தடத்தில் ஒத்துப் பார்த்துவிடலாம். கப்பல் நம் துறைமுகத்துக்கு வராமல் போனாலும், மார்போலின் ஆறாம் விதிப்படி, போதிய சான்றுடன் ஒரு உறுப்பு நாடு கேட்டால் அது அடுத்துப் போய்ச் சேரும் உறுப்பு நாட்டின் துறைமுகம் ஏறிச் சோதிக்கலாம். குப்பையானால் அங்கே பதிவேட்டைத் திறந்து, நீங்கள் சொன்ன நேரத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கழிவுநீரானால் திறந்து பார்க்க அப்படியொரு ஏடு இன்னும் இல்லை. லண்டனில் முடியாமல் இருப்பது அந்த ஏட்டின் வரைவுதான்.